பீப்பாயில் பழுத்த ஒயினும் எங்கள் வீட்டுப் பழம்புளியும்

போன மாதம் என் தங்கை மகன் கப்பலிலிருந்து விடுப்பில் வந்திருந்தான். ஒரு சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். சாப்பிட்டு முடித்ததும் பையைத் திறந்து கறுப்பாக ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"மாமா, இது உங்களுக்கு. ஸ்பெயின்ல காதிஸ் போர்ட்ல வாங்கினேன். நீங்க தொடமாட்டீங்கன்னு தெரியும். ஆனா அந்த பாண்டு குடோன் கதை எத்தனை வாட்டி சொல்லியிருக்கீங்க, அந்த சரக்கு இதுதான்."

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எழுபத்தி நாலு வயசுல உங்க மாமாவுக்கு இது ஒண்ணுதான் குறைச்சல்" என்றாள்.

அந்த பாண்டு குடோன் கதையை இங்கே இதுவரை எழுதியதில்லை. எழுதினால் என் தகப்பனாரைப் பற்றியும் எழுத வேண்டிவரும் என்பதால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது பாட்டிலே வீட்டுக்கு வந்துவிட்டது.

1972-இல் துறைமுகத்தில் ஒரு தனியார் கிளியரிங் கம்பெனியில் டாலி கிளார்க்காகச் சேர்ந்தேன். சரக்கை எண்ணி, மார்க் பார்த்து, புத்தகத்தில் குறிப்பதுதான் வேலை. இரண்டு வருஷம் கழித்து என்னை பாண்டு குடோனுக்கு அனுப்பினார்கள். சுங்க வரி கட்டாத சரக்கைப் பூட்டி வைக்கும் இடம் அது. 1971-இல் தளர்த்திய மதுவிலக்கு 1974-இல் மறுபடியும் வந்துவிட்டது. வெளியே ஒரு சொட்டு கிடையாது. உள்ளே தூதரகங்களுக்கும் கப்பல்களுக்கும் போகவேண்டிய பாட்டில்கள் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும்.

ஒருநாள் மேலடுக்கிலிருந்து ஒரு பெட்டி நழுவி விழுந்தது. ஒரு பாட்டில் நொறுங்கியது. ஒரு நிமிஷத்தில் அந்தப் புழுங்கல் குடோன் முழுக்க வேறு ஒரு வாசனை. சாராய நெடி எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இது அது இல்லை. வறுத்த பருப்பு, ஆரஞ்சுத் தோல், பழைய மர பீரோவைத் திறந்தால் வருமே ஒரு காற்று, எல்லாம் சேர்ந்த மாதிரி. எங்கள் குடோன் கீப்பர் பெரம்பூர் ரயில்வே காலனிக்காரர், ஆங்கிலோ இந்தியர், ஓய்வுபெறும் வயது. அவர் முட்டி போட்டுக் குனிந்து தரையை முகர்ந்தார். எழுந்தபோது அவர் முகத்தில் துக்கம் இருந்தது. "ஷெர்ரி மேன், ரொம்ப பழசு" என்றார். "இந்த மாதிரி ஒயினை அந்தக் காலத்துல பீப்பாயோட இந்தியா வரைக்கும் அனுப்பி, திரும்ப வரவழைச்சு, அப்புறம்தான் பெரிய விலைக்கு விப்பான் தெரியுமா?"

நான் டேமேஜ் ரிப்போர்ட்டில் 'பாட்டில் 1 உடைந்தது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். விற்கவேண்டிய சரக்கை எதற்கு இந்தியா வரை அனுப்பித் திருப்பி வாங்கவேண்டும் என்று அன்று எனக்குப் புரியவில்லை. ஓய்வுபெற்ற பிறகு கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து படித்துத்தான் விஷயம் பிடிபட்டது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் லண்டனிலிருந்து கிளம்பினால் வழியில் மதீரா தீவில் நின்று தண்ணீரும் ஒயினும் ஏற்றிக்கொள்வது வழக்கம். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லாண்டிக்கில் இருக்கும் போர்த்துக்கீசியத் தீவு அது. அங்கிருந்து தெற்கே இறங்கி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, சென்னைக்கு வருவதற்குள் கப்பல் இரண்டு முறை பூமத்திய ரேகையைத் தாண்டும். மாதக்கணக்கில் கப்பலின் அடித்தட்டில் வெப்பம், உருளல், காற்று. சாதாரண ஒயின் என்றால் காடியாகிவிடும். ஆனால் 18-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து, கெடாமல் இருக்க மதீரா ஒயினில் திராட்சை பிராந்தியைக் கலந்து அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். அப்படி வந்த ஒயின் கெடவில்லை. மாறாக, ஊரில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. விற்காமல் திரும்பிப் போன பீப்பாய் இன்னும் நன்றாக இருந்தது. போய்வரும் கணக்கில் பூமத்திய ரேகையை நான்கு முறை தாண்டிய ஒயின்!

பிறகு அதையே தொழிலாக்கிவிட்டார்கள். விற்பதற்காக அல்லாமல் பழுப்பதற்காகவே பீப்பாய்களைக் கப்பலேற்றி, சுற்றி வரவைத்தார்கள். 'வின்யோ த ரோடா' என்று பெயர், சுற்றிவந்த ஒயின் என்று பொருள். ஸ்பெயினின் ஹெரெஸ் ஊர் ஒயினுக்கும் இதே மரியாதை கிடைத்தது. ஹெரெஸ் என்ற பெயரை ஆங்கிலேயன் வாயில் போட்டு மென்றதுதான் ஷெர்ரி. 'ஈஸ்ட் இந்தியா' என்ற அடைமொழியோடு ஷெர்ரி இன்றைக்கும் விற்கிறது. நாம் பிறந்து வளர்ந்த கடற்கரையின் வெயில் அந்த லேபிளில் உட்கார்ந்திருக்கிறது.

நம் பக்கத்துக் கரைக்கு அந்தப் பீப்பாய்கள் வந்திறங்கிய விதத்தையும் சொல்லவேண்டும். அப்போது இங்கே துறைமுகம் ஏது? 1861-இல் இரும்புப் பாலம் ஒன்று கடலுக்குள் நீட்டினார்கள். துறைமுகச் சுவர்கள் எழும்பியது அதற்கும் பிறகு, அதையும் 1881 புயல் உடைத்துப்போட்டது. அதற்கு முன்பெல்லாம் கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கை இறக்க மசூலா படகுதான். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு. ஆணி அடித்த படகு நம் அலையில் மோதிச் சிதறிவிடும், தைத்த படகு வளைந்துகொடுக்கும். ஒரு மதீரா பீப்பாயில் 400 லிட்டருக்கு மேல் பிடிக்கும், மரத்தையும் சேர்த்தால் அரை டன் கனம். அதை அந்த ஆட்டத்தில் கப்பலிலிருந்து படகுக்கும் படகிலிருந்து மணலுக்கும் மாற்றியவர்கள் இந்தக் கரையின் படகுக்காரர்கள், இராயபுரத்து மக்களின் பாட்டன் பூட்டன்கள். அவர்கள் கும்பிட்ட இராயப்பரின், அதாவது புனித பேதுருவின் பெயரால்தான் அந்த ஊருக்கே இராயபுரம் என்று பெயர் வந்தது என்பார்கள்.

அந்த ஒயினின் ருசி அவர்களுக்குக் கிடைத்ததோ இல்லையோ, ஒரு சொல் கிடைத்தது. பீப்பாய். அது தமிழ்ச் சொல் என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். போர்த்துக்கீசிய மொழியில் 'பீப்பா' என்பார்கள். மதீரா ஒயினை அளந்த அளவைக்கும் அதே பெயர்தான், ஆங்கிலத்தில் 'பைப்'. அலமாரி, சாவி, சன்னல் எல்லாம் வந்த அதே வழியில் இதுவும் வந்தது. லாரித் தண்ணீருக்காக நாம் வாசலில் வரிசையாக வைத்துச் சண்டை போட்டோமே, அந்தப் பீப்பாயின் பூர்வீகம் இது.

கடல் கடந்த ஒயின் நமக்குப் புதிதும் இல்லை. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொன் கலத்தில் பருகுவதை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அந்த மது வந்த கூர்அடி ஜாடிகளின் உடைசல்கள் 1945-இல் புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டில் தோண்டும்போது கிடைத்தன. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஹெரெஸில் செய்யும் முறைக்கு வருகிறேன். எனக்கு இதில்தான் ஆசை. பலோமினோ என்ற வெள்ளைத் திராட்சையைப் பிழிந்து நொதிக்கவிட்டு, பீப்பாயில் வாய்வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு ஊற்றுகிறார்கள். ஒயினின் மேல் வெள்ளையாக ஓர் ஆடை படர்கிறது. ஈஸ்ட் ஆடை. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஃப்ளோர்', பூ. ஊறுகாய் ஜாடியில் வெள்ளை படர்ந்தால் "பூத்துப்போச்சு" என்று நம் பெண்கள் சொல்வார்களே, அதே பூ. நாம் தூக்கிப் போடுகிறோம், அவர்கள் வளர்க்கிறார்கள். அந்தப் பூ காற்றை உள்ளே விடாமல் காப்பதால் ஒயின் வெளுப்பாகவே இருக்கும். அது ஃபீனோ. பிராந்தியைக் கூடுதலாகச் சேர்த்து, ஆல்கஹாலை 17 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றிவிட்டால் பூ பிழைக்காது. காற்று நேராக ஒயினைத் தொடும். அப்படியே வருஷக்கணக்கில் விட்டால் நிறம் கறுத்து, வாசனை ஏறி, ஒலோரோசோ ஆகிறது. வாசனையுள்ளது என்பதுதான் அந்தச் சொல்லுக்கே பொருள். எங்கள் மேசைக்கு வந்தது இந்த வகை.

பீப்பாய்களை அடுக்குகளாக வைக்கிறார்கள். பழசு தரையில், அதற்குமேல் அதைவிட இளசு, உச்சியில் இந்த வருஷத்துச் சரக்கு. தரைப் பீப்பாயிலிருந்து ஒரு பங்கை மட்டும் எடுத்து பாட்டிலில் அடைப்பார்கள். முழுசாகக் காலி செய்யமாட்டார்கள். எடுத்த இடத்தை மேலடுக்கிலிருந்து நிரப்புவார்கள், அதை அதற்கும் மேலிருந்து. இதற்கு சொலேரா என்று பெயர். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுகிறோம் அல்லவா? அந்த உறைமோர் எந்தக் காலத்துப் பாலிலிருந்து ஆரம்பித்தது என்று யாரால் சொல்லமுடியும்? சொலேராவின் தரைப் பீப்பாயும் அப்படித்தான்.

பிராந்தி சேர்க்காமலும் வெள்ளை ஒயினைப் பழுக்கவைக்கும் ஆட்கள் ஸ்பெயினில் இருக்கிறார்கள். வடக்கே ரியோஹாவில் ஹாரோ என்ற ஊர். பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைப் பூச்சி அரித்த காலத்தில் பிரெஞ்சு வியாபாரிகள் ஒயின் தேடி வந்த ஊர். அங்கே ரயில் நிலையத்தை ஒட்டி 1877-இல் தொடங்கிய லோபெஸ் தெ எரெதியா என்ற குடும்ப நிறுவனம், தோந்தோனியா தோட்டத்து வெள்ளை ஒயினை ஓக் பீப்பாயில் ஆறு வருஷம் வைக்கிறது. உயர்ந்த ரகம் என்றால் இன்னும் அதிகம். பீப்பாய் செய்யும் தச்சர்களும் அவர்கள் வளாகத்திலேயே இருக்கிறார்கள். வெள்ளை ஒயினை இளசாகவும் சில்லென்றும் குடிக்கவேண்டும் என்று உலகமே சொல்லும்போது இவர்கள் மட்டும் பாட்டன் பேச்சை மாற்றவில்லை.

இதெல்லாம் புளியந்தோப்புக்காரனுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். எனக்குப் புரியவைத்ததே புளிதான். என் பாட்டி மாசி, பங்குனியில் புதுப்புளி வாங்கி, கொட்டை எடுத்து, கல்லுப்பு போட்டு ஜாடியில் அடைத்துவிடுவாள். அந்த வருஷம் அதைத் தொடவிடமாட்டாள். புதுப்புளி வெளுப்பாக இருக்கும், பல் கூசும். ஒரு வருஷம் போனால் கறுத்து, வெல்லம் மாதிரி ஒரு மணம் வந்துவிடும். வத்தக்குழம்புக்கு அதுதான். ஒயினிலும் இதே கதை. சிவப்பு ஒயின் வயதானால் வெளுக்கும், வெள்ளை ஒயின் வயதானால் கறுக்கும். வெயிலையும் காற்றையும் ஏற்கெனவே பார்த்துவிட்டதால் அதை மேற்கொண்டு கெடுக்க அதிகம் எதுவும் மிச்சமில்லை. சாதாரண ஒயின் பாட்டிலைத் திறந்தால் மூன்று நாளில் போய்விடும். ஒலோரோசோ வாரக்கணக்கில் தாங்கும், மதீரா மாதக்கணக்கில்.

இப்போது என் தகப்பனார்.

பி அண்ட் சி மில்லில் வேலை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவர் குடித்ததெல்லாம் மதுவிலக்குக் காலத்தில். 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் தொடங்கினார், 1948-இல் மாகாணம் முழுக்க வந்தது. அதற்கு முன்பு ஆப்காரி வரி சர்க்காருக்குக் காமதேனு. அந்த வருமானம் போகிறதே என்றுதான் 1939-இல் விற்பனை வரியே கொண்டுவந்தார்கள். சட்டத்தால் கடை போனது, குடி போகவில்லை. ஓட்டேரி நல்லா ஓரம் பட்டைச் சாராயம் ராத்திரியில் காய்ச்சி விடியலில் விற்றார்கள். சுண்டக்கஞ்சி கிடைத்தது. அதுவும் இல்லாத நாளில் மரத்துக்குப் பூசும் பிரெஞ்சு பாலிஷை வாங்கி, உப்பைப் போட்டு அரக்கைத் திரிய வைத்து, வடிகட்டிக் குடித்தார்கள். என் தகப்பனாரும் குடித்தார். அவர் சட்டையில் அந்த பாலிஷ் வாசனை இருக்கும். 1970-இல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது 49. அடுத்த வருஷமே சாராயக் கடைகளைச் சட்டப்படி திறந்துவிட்டார்கள். நல்லதா கெட்டதா என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு அது ஒரு வருஷம் தாமதம், அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அம்மா என் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள். எனக்கு 19 வயது. இன்றுவரை மீறவில்லை. பாண்டு குடோனில் வேலை பார்த்தவன் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் நிஜம்.

ராத்திரியில் காய்ச்சி விடியலில் விற்ற சரக்கு ஒன்று. இருபது வருஷம் தொடாமல் வைத்திருந்த சரக்கு ஒன்று. இரண்டும் ஒரே கடற்கரையில் இருந்தன. காத்திருக்க வசதி இருந்தவனுக்கு ஒன்று, பீப்பாயை உருட்டிவிட்டு இடுப்பு வலிக்கு அப்போதே ஏதாவது வேண்டியவனுக்கு மற்றொன்று. குடியை வைத்து ஆளை எடைபோட்ட பேச்சை மில் லைனிலும் ஆபீசிலும் நிறைய கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சில் இந்தக் கணக்கு மட்டும் எப்போதும் விட்டுப்போயிருக்கும்.

அன்று மருமகன் பாட்டிலைத் திறந்தான். இருபது வருஷத்துக்குக் குறையாதது என்று வி.ஓ.எஸ். முத்திரை ஒட்டியிருந்தது. ஃப்ரிட்ஜில் அரைமணி நேரம் மட்டும் வைக்கச் சொன்னான், ரொம்பக் குளிர்ந்தால் வாசனை வராதாம். குறுகிய வாயுள்ள சின்னக் கண்ணாடி கிளாஸில் இரண்டு விரற்கடை ஊற்றினான். வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். நல்லெண்ணெயைவிட ஆழமான நிறம், ஓரத்தில் மட்டும் மஞ்சள் தட்டியது. அவன் ஒரு வாய் எடுத்து, உடனே விழுங்காமல் வைத்திருந்து, பிறகு, "இனிப்பே இல்ல மாமா. வாசனை இனிக்குது, வாய்ல வறட்சியா இருக்கு. கடைசியில உப்பு மாதிரி ஒண்ணு நிக்குது" என்றான். காசிமேட்டிலிருந்து வாங்கிவந்து என் மனைவி வறுத்த வஞ்சிரம் ஒரு துண்டைக் கடித்துவிட்டு மறுபடி குடித்தான். "அத்தை, உங்க மீனுக்குன்னே செஞ்சிருக்கான்" என்றான். அவள் சிரித்துவிட்டாள்.

"நீங்க மோந்து பாருங்க மாமா. இதுல பாதிக்கு மேல மூக்குலதான் இருக்கு. சத்தியம் மூக்குக்கு இல்லையே?"

வாங்கி முகர்ந்தேன். அக்ரூட், ஆரஞ்சுத் தோல், லேசாகக் கருப்பட்டிப் பாகு. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய குடோன் தரை அப்படியே எழுந்து வந்தது. கிளாஸைச் சுழற்றி இரண்டாம் முறை முகர்ந்தபோது எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருந்தது. பிரெஞ்சு பாலிஷ். வருஷக்கணக்கில் காற்றுப்பட்ட ஒயினில் அப்படி ஒரு வார்னிஷ் வாசனை வரும், தெரிந்தவர்கள் அதைக் குறையாகச் சொல்லமாட்டார்கள் என்று மருமகன் விளக்கிக்கொண்டிருந்தான். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. அப்பாவின் சட்டையை மடித்துவைக்கும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்கு ஐந்தாறு வயதில் அந்த வாசனை பிடிக்கும். அது அப்பா வீட்டில் இருக்கிறார் என்ற வாசனை.

கிளாஸை அவனிடமே கொடுத்துவிட்டேன். அவன் மிச்சத்தைக் குடித்தான்.

அவன் கப்பலுக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. பாட்டிலில் முக்கால்வாசி இருக்கிறது. புளி ஜாடிக்குப் பக்கத்தில், வெயில் படாத இடத்தில் வைத்திருக்கிறேன். சாயங்காலம் சில நாள் தக்கையை எடுத்து ஒரு தரம் முகர்ந்துவிட்டு மூடிவிடுகிறேன். "அளவு குறையுதான்னு நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்" என்கிறாள் என் மனைவி. பார்க்கட்டும்.